உழைப்பாளரின் உடல்வலியும் இயன்முறை மருத்துவமும்

கூட்டுறவுச் சங்கத்தின் பதிவேடுகளில் நூலுக்கு இடமுண்டு. சாயத்துக்கும் சரிகைக்கும் இடமுண்டு. தறியின் அச்சு பழுதுபட்டால் அதை மாற்றிய செலவும் பற்றுச்சீட்டோடு கோப்பில் ஏறிவிடுகிறது. ஆனால் அந்தத் தறியை இயக்குகின்ற தோளோ முதுகோ முழங்காலோ பழுதுபட்டால் அதைக் குறித்துவைக்க நம்மிடம் ஏடு ஏதும் இல்லை. துணி வரவு ஏட்டில் ஒரு பெயருக்கு எதிரே வெற்றிடம் காணப்படும், அவ்வளவே.

சென்ற ஆண்டு நமது சரகத்தைச் சேர்ந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் ஆய்வு செய்தபோது அத்தகைய வெற்றிடம் ஒன்று நம் கண்ணில் பட்டது. ஓர் அங்கத்தினர் ஒரு பாவுக்கு வேண்டிய நூலைப் பெற்றிருந்தார். ஏழு வாரங்கள் கடந்தும் ஒரு சேலைகூடச் சங்கத்துக்கு வந்து சேரவில்லை. நூலை வெளியில் விற்றுவிட்டாரோ என்ற ஐயம் நிர்வாகக் குழுவினர் சிலருக்கு எழுந்திருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவதென்றும் தீர்மானித்திருந்தனர். அதற்கு முன் நேரில் பார்த்துவிடுவோம் என்று செயலாளருடன் அவர் வீட்டுக்குச் சென்றோம்.

பாவு தறியில் பூட்டியபடியே இருந்தது. கால் பங்கு நெய்யப்பட்ட சேலையின் மீது தூசி படியாதிருக்கப் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார். ஐம்பது வயதைக் கடந்த அவர் வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "நாடாக் கயிற்றை இழுக்க முடியவில்லை ஐயா. நூலில் ஒரு சிட்டம்கூட வெளியே போகவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் நேரவில்லை. அவர் முகமே போதுமானதாயிருந்தது.

அந்த ஏழு வாரங்களில் அவர் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. முதலில் சூடான எண்ணெய் தேய்த்தார். பிறகு ஒருவர் சுளுக்கு எடுப்பதாகச் சொல்லிக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்; வலி இருமடங்காயிற்று. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்தன. கடைசியில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் சரியாகும் என்று யாரோ கூற, அப்படியே இருந்துவிட்டார். எவரும் செய்யாத ஒன்று உண்டு. அந்தத் தோளில் எது கெட்டிருக்கிறது என்று முறையாக ஆராய்ந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அதை ஆராயும் கலை எது, அது எவ்வாறு நடைபெறுகிறது, அதிலிருந்து நம் அங்கத்தினர்கள் பெறக்கூடிய பயன் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயன்முறை மருத்துவம் என்பது யாது?

பிசியோதெரபி என்று வழங்கும் இயன்முறை மருத்துவம், அசைவு, கைத்தொழில்நுட்பம், உடற்பயிற்சி, வெப்பம் முதலிய இயற்கை ஆற்றல்களைக் கொண்டு உடலின் இயக்கத்தைச் சீர்செய்யும் துறையாகும். எலும்பு, மூட்டு, தசை, தசைநாண், நரம்பு ஆகியவற்றால் உண்டாகும் வலியும் முடக்கமும் அதன் பெரும்பகுதி வேலை. அவற்றைக் கையால் சோதித்தறிவதும் கையால் சிகிச்சை செய்வதும் அத்துறையின் ஒரு தனிப் பிரிவாக வளர்ந்துள்ளன.

கையால் வலி தீர்ப்பது உலகத்துக்குப் புதிதன்று. கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே முதுகெலும்பை இழுத்தும் அழுத்தியும் செய்யும் முறைகள் காணப்படுகின்றன. நம் நாட்டிலும் வர்ம வைத்தியம், எண்ணெய் தேய்த்து நீவுதல் போன்றவை தொன்றுதொட்டு வருகின்றன. இக்காலத் துறையின் வரலாறு, சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டு நான்கு செவிலியர்கள் ஒன்றுகூடித் தம் தொழிலுக்கு ஒழுங்கும் தேர்வும் வேண்டுமென்று ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கமே பின்னாளில் அந்நாட்டு இயன்முறை மருத்துவர் சங்கமாக வளர்ந்தது. சிலர் ஒன்றுகூடித் தம் தொழிலின் தரத்தைத் தாமே காத்துக்கொண்ட அச்செயல் கூட்டுறவாளராகிய நமக்கு உவப்பளிப்பதாகும்.

இந்தியாவில் இத்துறை உள்ளிட்ட பல மருத்துவத் துணைத் தொழில்களுக்கென 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆகவே பட்டம் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று கேட்டறிந்து செல்வது நம் உரிமையும் கடமையுமாகும்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

அந்த நெசவாளர் மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனைக்குச் சென்ற நாளில் அவர் வேண்டுகோளின்படி நாமும் உடன் சென்றிருந்தோம். அங்கு பணியாற்றிய இயன்முறை மருத்துவர் ஓர் இளம் பெண்மணி. அவர் உடனே தோளைப் பிடித்து அழுத்துவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவரோ நெடுநேரம் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வலி எப்போது தொடங்கியது? அடிபட்டதா, தானாக வந்ததா? எந்த இடத்தில் வலிக்கிறது. அது கழுத்துக்கோ விரலுக்கோ ஓடுகிறதா? விரல்கள் மரத்துப்போகின்றனவா? இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா? நடக்கும்போதோ படியேறும்போதோ மார்பில் இறுக்கமும் கையில் வலியும் சேர்ந்து வருகின்றனவா? நீரிழிவு உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தறியில் அமர்கிறீர்கள்? இவ்வாறு ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "தறியில் எப்படி இழுப்பீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் ஐயா" என்றார். நெசவாளர் நாற்காலியில் அமர்ந்தவாறே இடக்கையால் பலகையைத் தள்ளி, வலக்கையால் இல்லாத கயிற்றை இழுத்துக் காட்டினார். கை தோள் உயரத்தைத் தொட்டபோது அவர் முகம் சுருங்கியது. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

கேட்பதற்குப் பின் பார்ப்பது. மேலங்கியைக் கழற்றச் சொல்லி இரு தோள்களையும் ஒப்பிட்டார். தசை மெலிந்திருக்கிறதா, வீக்கம் உண்டா, ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா என்பன இவ்வாறு தெரியவரும்.

பார்ப்பதற்குப் பின் அசைத்தறிவது. இதுவே சோதனையின் நடுநாயகம். இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர் இதற்கு ஒரு தெளிவான முறையை வகுத்து 1947ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதன் சாரம் மூன்று படிகளில் அடங்கும்.

முதற்படியில் நோயாளி தாமே கையைத் தூக்குகிறார். எவ்வளவு தூரம் செல்கிறது, எந்த இடத்தில் வலிக்கிறது என்பது தெரிகிறது. இரண்டாம் படியில் நோயாளி கையைத் தளர்த்திவிடுகிறார்; சோதிப்பவர் அதைத் தாங்கிப் பிடித்துத் தூக்குகிறார். இப்போது நோயாளியின் தசை வேலை செய்வதில்லை. மூட்டும் அதன் உறையுமே சோதிக்கப்படுகின்றன. மூன்றாம் படியில் கையை அசையாமல் நிறுத்தி, நோயாளி ஒரு திசையில் தள்ள, சோதிப்பவர் எதிர்த்துப் பிடிக்கிறார். இப்போது மூட்டு அசைவதில்லை. தசையும் தசைநாணுமே சோதிக்கப்படுகின்றன. மூன்று விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குற்றம் எங்கே என்பது பெரும்பாலும் புலப்படும். வரவு, செலவு, இருப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் கணக்கின் பிழையைக் கண்டுபிடிப்பதற்கு இது ஒப்பாகும்.

நெசவாளரின் கை அவராகத் தூக்கியபோது பாதி வழியில் வலித்தது. அந்த இடத்தைத் தாண்டியதும் வலி சற்றுக் குறைந்தது. மருத்துவர் தூக்கியபோது கை ஏறக்குறைய முழுவதும் மேலே சென்றது. எதிர்த்துத் தள்ளச் சொன்னபோது மீண்டும் வலித்தது. ஆகவே மூட்டு கெடவில்லை. தோள் மூட்டைச் சூழ்ந்து பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களில் ஒன்று, ஆண்டுக்கணக்கில் ஒரே இழுப்பை இழுத்து நொந்திருக்கிறது என்று அவர் கருதினார்.

நீரிழிவு உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் 'உறைந்த தோள்' இதனின்று வேறானது. அதில் தாமே தூக்கினாலும் பிறர் தூக்கினாலும் கை ஒரே இடத்தில் நின்றுவிடும். முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளிப்புறம் திருப்புவதே முதலில் தடைப்படும். இரண்டுக்கும் நாம் 'தோள்பட்டைப் பிடிப்பு' என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். ஆனால் சிகிச்சையும் குணமாகும் காலமும் வேறு வேறு. உறைந்த தோள் தளர மாதங்கள் பல ஆகலாம். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. அதை வெடுக்கென்று இழுத்தால் மேலும் இறுகும் வலியே மிஞ்சும்.

கடைசியாகத்தான் தொட்டறிவது. "தொட்டுப் பார்க்கலாமா ஐயா?" என்று அனுமதி கேட்ட பிறகே அவர் விரல்களை வைத்தார். பெண் அங்கத்தினர்கள் இதைக் கருத்தில் கொள்வாராக. தொடுமுன் அனுமதி கேட்பது இத்தொழிலின் ஒழுக்கம். பெண் மருத்துவர் வேண்டுமென்றோ உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டுமென்றோ கேட்பதில் தவறேதும் இல்லை. கூச்சத்தால் வலியை ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்துத் தார் சுற்றுகின்ற தாய்மார்கள் பலர் நம் சங்கக் குடும்பங்களில் உள்ளனர்.

இடுப்பு வலியும் கால் நரம்பும்

குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, முதுகுக்குச் சாய்மானம் இன்றி முன்குனிந்து நெய்பவருக்கும், நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுவதும் குனிந்திருப்பவருக்கும் இடுப்பு வலி பொதுச் சொத்தாகும். உலக அளவில் 2020ஆம் ஆண்டு 61.9 கோடி மக்கள் இடுப்பு வலியால் வருந்தினர் என்று கணக்கிட்டுள்ளனர்.

இதன் சோதனையில் முன்னே குனிதல், பின்னே வளைதல், பக்கவாட்டில் சாய்தல் ஆகியவற்றோடு நரம்புச் சோதனையும் சேர்கிறது. மல்லாந்து படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும்போது வலி முழங்காலுக்குக் கீழே மின்னலென ஓடினால், இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வேர் உறுத்தப்படுகிறது என்று ஐயுறலாம். குதிகாலால் நடக்கச் சொல்வதும், முன்பாதத்தால் நடக்கச் சொல்வதும், கால் பெருவிரலை எதிர்த்துப் பிடிப்பதும், குதிகால் நாணைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பதும் எந்த நரம்பு வேர், எவ்வளவு தளர்ந்துள்ளது என்பதைக் காட்டும்.

ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து வலியின் போக்கைக் கவனிப்பதும் ஒரு முறையாகும். இதற்குக் காரணமான நிகழ்ச்சி சுவையானது. 1956ஆம் ஆண்டு நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம் கால் வரை வலி பரவிய நோயாளி ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலில் அவர் தற்செயலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்நிலை கேடு விளைவிக்கும் என்பது அக்காலக் கருத்து. சில நிமிடங்கள் கழித்து வந்து பார்த்த மெக்கென்சி திகைத்தார். ஆனால் நோயாளியோ காலிலிருந்த வலி நீங்கிவிட்டது என்றார். காலில் ஓடும் வலி படிப்படியாக ஏறி இடுப்பின் நடுவுக்குச் சுருங்குவது நல்ல அறிகுறி என்பதை அதன்பின் அவர் விரிவாக ஆராய்ந்தார். எல்லாருக்கும் பின்வளைவே பொருந்தும் என்று இதற்குப் பொருளன்று. எந்த அசைவு வலியைச் சுருக்குகிறது, எது பரப்புகிறது என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சோதித்தறிய வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடம்

இனி நாம் சொல்லப்போவதே இக்கட்டுரையில் முதன்மையானது. நமது சரகத்தின் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் அங்கத்தினரான விவசாயி ஒருவருக்கு மூன்று மாதங்களாக நடுமுதுகில் வலி. மூட்டை சுமந்ததால் வந்த வலி என்றே அவர் நம்பினார். குப்புறப் படுத்துப் பேரனை முதுகின்மேல் ஏறி மிதிக்கச் சொல்வது அவர் வழக்கம். அவரும் அதே இயன்முறை மருத்துவரிடம் சென்றார். வலி படுத்தாலும் குறையவில்லை, இரவில் மிகுகிறது, மாலையில் உடம்பு காய்கிறது, அரைஞாண் தளர்ந்துபோகும் அளவுக்கு மெலிந்துவிட்டார் என்பதெல்லாம் கேள்விகளால் வெளிவந்தன. முதுகெலும்பின் ஓர் இடத்தை விரல் நுனியால் மெல்லத் தட்டியபோதே அவர் துடித்தார். மருத்துவர் கையை எடுத்துவிட்டார். நீவவும் இல்லை, பயிற்சி ஒன்றும் சொல்லவும் இல்லை. கடிதம் எழுதி அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் என்று பின்னர் உறுதியாயிற்று.

இந்நோயை இங்கிலாந்து அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779ஆம் ஆண்டே விவரித்திருக்கிறார். அரிக்கப்பட்ட எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலற்றுப்போகும். காலத்தில் கண்டறிந்து, பல மாதங்கள் விடாமல் மருந்துண்டால் குணமாகும். அந்த முதுகின் மீது பேரன் இன்னும் சில வாரங்கள் ஏறி மிதித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அங்கத்தினர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே பின்வரும் அறிகுறிகளில் எது காணப்பட்டாலும், எவரையும் தேய்க்கவோ இழுக்கவோ விடாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

1. இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை, மலம் கட்டுப்படாமை, அமருமிடத்திலும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போதல். இதற்கு ஒரு நாளும் தாமதம் கூடாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2. பாதம் தொங்கிப்போதல், கைகால் வலிமை நாளுக்கு நாள் குறைதல்.

3. வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், படுத்தாலும் தணியாத இரவு வலி.

4. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக எழும் எலும்பு வலி.

5. விழுந்த பின் வந்த வலி. முதியோருக்குச் சிறு சறுக்கலே ஆயினும் எலும்பு முறிந்திருக்கக்கூடும்.

6. மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு வரும் தோள் அல்லது இடக்கை வலி. இது இதய நோயாக இருக்கலாம்.

முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தைப் பிடித்துச் சொடுக்கிவிடும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குக் குருதி செல்லும் நாளங்கள் ஏறுகின்றன. திடீரென முறுக்கும்போது அரிதாக அவை கிழிந்து பக்கவாதம் உண்டாவதுண்டு. பயிற்சி பெற்ற மருத்துவரே கழுத்தைச் சோதித்த பின்பும் தயங்கிச் செய்யும் காரியத்தைச் சோதனையின்றிச் செய்துகொள்வது அறிவுடைமை ஆகாது.

கையின் பங்கும் பயிற்சியின் பங்கும்

சோதனை முடிந்து, தீங்கான நோய் இல்லையென்று தெளிந்த பின்பே கைச் சிகிச்சை தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட் என்ற இயன்முறை மருத்துவர் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. மூட்டை மெல்ல அசைக்கும் சிகிச்சையை அவர் நான்கு தரங்களாகப் பிரித்தார். முதல் தரம், அசைவின் தொடக்கத்தில் செய்யும் சிற்றசைவு. இரண்டாவது, தடை வரும் எல்லையைத் தொடாத பேரசைவு. மூன்றாவது, எல்லை வரை செல்லும் பேரசைவு. நான்காவது, எல்லையில் நின்று செய்யும் சிற்றசைவு. வலி மிகுந்திருக்கும்போது முதலிரண்டும், இறுக்கம் மிகுந்திருக்கும்போது பின்னிரண்டும் கையாளப்படுகின்றன. சற்று நேரம் செய்தவுடன் முன்பு வலித்த அசைவை மீண்டும் சோதிக்கின்றனர். முன்னேற்றம் கண்டால் தொடர்கின்றனர். காணாவிடில் முறையை மாற்றுகின்றனர்.

இதனால் எலும்பு 'இடம் விலகியது' திரும்ப 'இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. மூட்டைச் சொடுக்கும்போது எழும் ஓசை, மூட்டு நீரில் வாயுக் குமிழி உருவாவதோடு தொடர்புடையது. எலும்பு நகர்ந்த ஓசையன்று. முறையான அசைவும் அழுத்தமும் நரம்பு மண்டலம் வலியை உணரும் அளவைத் தணிக்கின்றன. இறுகிய தசை தளர்கிறது. அஞ்சிய நோயாளி அசையத் துணிகிறார். இப்பயன் பெரும்பாலும் சிறிது காலமே நிற்கும். எனவே கைச் சிகிச்சை, வலி தணிந்த அந்த இடைவேளையில் பயிற்சியைத் தொடங்குவதற்கான வாயில் என்று கொள்ளுதல் தகும். வாரக்கணக்கில் கட்டிலில் படுத்துப் பிறர் கையையே நம்பியிருப்பதால் பயன் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென 2023ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதற்கு இயைந்ததே. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சித் திட்டம், முதுகெலும்புக்கான கைச் சிகிச்சை, நீவுதல் முதலியவற்றை அது ஏற்கிறது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை போன்றவற்றை வழக்கமாகக் கையாள வேண்டாம் என்கிறது.

நமது நெசவாளருக்கு மருத்துவர் முதல் நாள் கைச் சிகிச்சை செய்தது சில நிமிடங்களே. மீதி நேரம் பயிற்சி கற்பித்தார். முதலில் சுவரை எதிர்த்துக் கையைத் தள்ளி அசையாமல் நிறுத்துவது. பின்னர் வெறுங்கையைத் தூக்குவது. வாரங்கள் சென்றபின் நீர் நிரப்பிய சிறு பாட்டிலைப் பிடித்துத் தூக்குவது. நொந்த நாண் ஓய்வால் உரம் பெறாது. அளவறிந்து ஏற்றிய சுமையாலேயே உரம் பெறும் என்று விளக்கினார். "பயிற்சியின்போது சிறிது வலித்தால் அஞ்ச வேண்டாம், மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள்" என்பது அவர் கூறிய விதி.

ஓய்வும் ஸ்கேன் படமும்

இடுப்பு பிடித்தால் படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியரிடையே நடத்தி 1995ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், திடீர் இடுப்பு வலி கண்டவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுக்கை ஓய்வும், மற்றொரு பிரிவினர் முதுகுப் பயிற்சிகளும், மூன்றாம் பிரிவினர் இயன்ற அளவு வழக்கமான நடமாட்டமும் மேற்கொண்டனர். மூன்றாம் பிரிவினரே விரைவில் தேறினர். அடங்காத வலியில் ஓரிரு நாள் படுப்பது குற்றமன்று. ஆனால் எழுந்து நடமாடுவதே மருந்து என்பது இதனால் விளங்கும்.

ஸ்கேன் படத்தில் 'தட்டு தேய்ந்திருக்கிறது' என்ற சொல்லைக் கண்டு தறியையே விட்டுவிட்டவர்களும் உண்டு. 2015ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வு ஒன்று, வலியே இல்லாதவர்களின் படங்களை ஆராய்ந்தது. அவர்களில் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. நரை போன்றே இதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம். படத்தை மட்டும் கண்டு முடிவு செய்யாமல், சோதனையோடு ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்கிறார்.

நமது சங்கங்கள் செய்யத்தக்கன

சிகிச்சை பெற்றவர் அதே தறியில் அதே முறையில் அமர்ந்தால் வலி திரும்பும். இருக்கையைச் சற்று உயர்த்தி அதன்மேல் தடித்த மெத்தையிடுதல், மிதிகட்டைகளைக் கால் எட்டும் அளவில் அமைத்தல், நாடாக் கயிற்றின் கைப்பிடியை மார்பு உயரத்துக்குக் கீழே தொங்கவிடுதல், முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து சற்று நடத்தல் ஆகியவை பெருஞ்செலவில்லாதவை. உழவர்கள் நடவையும் சுமையையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் கட்டாமல் மாற்றி மாற்றிச் செய்யலாம். மூட்டையைத் தனியே தூக்காமல் இருவராகத் தூக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை பொதுப்பேரவை கூடும் நாளில், அரசு மருத்துவமனையைக் கேட்டு இயன்முறை மருத்துவர் ஒருவரை வரவழைத்து அங்கத்தினர்களைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட இயலாதோர்க்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதியாக வைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் நம் ஊருக்கு எத்தகைய வசதி உண்டு என்பது தெரியவரும்.

நமது நெசவாளர் நான்காம் வாரத்தில் அரைநாள் மட்டும் தறியில் அமர்ந்தார். கயிற்றின் கைப்பிடி தாழ்த்தப்பட்டிருந்தது. மூன்று மாதங்களில் பழைய அளவு நெய்யலானார். மேகம் கவிந்த நாளில் தோள் இன்னும் முணுமுணுக்கிறது என்கிறார். பயிற்சியை விட்டால் ஒரு வாரத்தில் அது தெரிந்துவிடுகிறது என்றும் கூறுகிறார். வேட்டி போர்த்திக் கிடந்த அந்தச் சேலை, எடையில் குறைவின்றிச் சங்கத்தில் வரவு வைக்கப்பட்டது. விவசாயி மருந்தை முறையாக உண்டு வருகிறார், நிமிர்ந்து நடக்கிறார்.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் நமது யோசனையை ஏற்றுத் துணி வரவு ஏட்டில் 'காரணம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்துள்ளனர். ஒரு மாதம் துணி வராவிட்டால் முதலில் ஒருவர் வீட்டுக்குச் சென்று கேட்டு அதில் எழுத வேண்டும். நோட்டீஸ் அதற்குப் பிறகே. இதுவரை எழுதப்பட்ட காரணங்களில் பாதிக்கு மேல் உடல்வலியாகவே இருக்கக் கண்டோம். மற்றச் சங்கங்களும் இப்பத்தியைத் தத்தம் ஏடுகளில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.